12 வருஷம், 3 பிரின்டர்: ஒரு ஜெராக்ஸ் கடைக்காரனின் கணக்கு

சங்கரன்கோவிலில் தாலுகா ஆபீசுக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, ஆதார், ஹால் டிக்கெட், பிள்ளைகளின் ப்ராஜெக்ட். இதில்தான் பிழைப்பு. 2013-இல் கடை போட்டதிலிருந்து மூன்று பிரின்டர்களை வைத்துத் தேய்த்திருக்கிறேன். "எந்த பிரின்டர் வாங்கலாம் அண்ணாச்சி?" என்று கேட்கிறவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே விடுகிறேன்.

என் மெஷின்களின் கம்பெனியையோ மாடலையோ சொல்லப்போவதில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும். நான் பார்த்தவரை எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். பேப்பரில், கோர்ட்டில் வந்த சங்கதிகளுக்கு மட்டும் பெயர் போட்டிருக்கிறேன்.

முதல் மெஷின், கார்ட்ரிட்ஜ் போடுகிற கலர் இங்க்ஜெட். ஸ்கேனும் உண்டு. நாலாயிரத்துச் சொச்சத்துக்கு வந்தது, கூடவே ஒரு கட்டு பேப்பர் இலவசம். இவ்வளவு சல்லிசா என்று சந்தோஷப்பட்டேன். பத்தாவது நாள் மை தீர்ந்தது. பெட்டியோடு வருகிற கார்ட்ரிட்ஜில் மை பாதிதான் இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரிஜினல் கறுப்பும் கலரும் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு. மூன்று தடவை வாங்கினால் மெஷின் விலை போய்விடும். ரேசரை மலிவாகக் கொடுத்து பிளேடில் காசு பார்க்கிற ஜில்லெட் பாணி வியாபாரம் என்று இதைச் சொல்வார்கள். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், மாட்டைச் சும்மா மாதிரி கொடுத்துவிட்டு, இது எங்கள் கடைப் புண்ணாக்கை மட்டும்தான் தின்னும் என்று சொல்கிற வேலை.

அந்த மெஷினோடு எனக்கு மனஸ்தாபம் வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. காலை எட்டு மணி. ஒரு பெண் பிள்ளை பரீட்சை ஹால் டிக்கெட் எடுக்க வந்தது. அப்பா வெளியில் டிவிஎஸ் எக்செல்லை அணைக்காமல் நிற்கிறார். ஹால் டிக்கெட்டில் இருப்பது கறுப்பு எழுத்து, போட்டோகூடக் கறுப்பு வெள்ளை. பிரின்ட் கொடுத்தால், கலர் கார்ட்ரிட்ஜை மாற்று என்று திரையில் வந்து நிற்கிறது. கறுப்பு நிறைய இருக்கிறது. கறுப்பு மட்டும் போதும் என்று செட்டிங்கில் மாற்றினேன். கேட்கவில்லை. அணைத்துப் போட்டேன். கேட்கவில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல், நாலு கடை தள்ளி இருக்கிற போட்டிக் கடைக்கு நானே வழி சொல்லி அனுப்பினேன்.

மை இல்லாமல் ஓட்டினால் பேப்பரில் மையைத் துப்புகிற ஹெட் கெட்டுவிடும், அதனால்தான் நிறுத்துகிறோம் என்பது கம்பெனிகள் சொல்கிற காரணம். அதில் கொஞ்சம் நிஜம் இருக்கிறது. சூடாக்கி மையைத் துப்புகிற வகை ஹெட்டில், மைதான் அந்தச் சூட்டைத் தணிக்கிறது. சரி, ஆனால் நீலம் தீர்ந்ததற்குக் கறுப்பு ஏன் வேலைநிறுத்தம் செய்ய வேண்டும்? இதற்குப் பதில் சொன்னவர்களை நான் பார்க்கவில்லை.

அப்புறம் எல்லோரும் போன வழியில் நானும் போனேன். ஊசி, மை பாட்டில், பழைய துணி. கட்டைவிரல் வருஷம் முழுக்கத் தேர்தல் மை வைத்த மாதிரியே இருந்தது. நிரப்பின பிறகும் மெஷின் காலி என்றே சொல்லும். உள்ளே மை இருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை, எத்தனை துளி போயிருக்கும் என்று மனக்கணக்குப் போடுகிறது. முட்ட முட்டச் சாப்பிட்டவனைப் பார்த்து, நீ இன்னும் பட்டினிதான் என்கிறது.

2016-இல் இரண்டாவது மெஷின், கறுப்பு வெள்ளை லேசர். இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுவே அதற்குப் பெருமை. சளைக்காமல் ஓடியது. யூபிஎஸ்ஸில் மாட்டினால் மட்டும் ஹீட்டர் சூடாகிற நேரத்தில் யூபிஎஸ் கீச்சென்று கத்தும், அதனால் கரன்ட் போனால் வேலை நின்றுவிடும். லேசருக்கு மையாக இருக்கிற டோனர் தூளை நிரப்ப முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. நிரப்பிவிட்டு, இது புது டோனர்தான் என்று மெஷினை நம்பவைக்க நகக்கண் அளவு சிப் ஒன்றை டோனர் ஓரத்தில் ஒட்ட வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அந்தச் சிப்பைக் கடலை மிட்டாய் மாதிரி அட்டை அட்டையாக விற்கிறார்கள்.

திருநெல்வேலியிலிருந்து வருகிற மெக்கானிக் தம்பி அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னான்: "அண்ணாச்சி, அப்டேட்டுன்னு கேட்டா மட்டும் ஓகே குடுத்துராதீக." ஏன் என்று கேட்டேன். ஹெச்பி என்கிற பிரின்டர் கம்பெனியின் கதையைச் சொன்னான். பிறகு நானும் தேடிப் படித்தேன்.

2016 செப்டம்பர் 13. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏகப்பட்ட ஹெச்பி ஆபீஸ்ஜெட் மெஷின்கள், முந்தின நாள் வரைக்கும் ஓடின வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜ்களை ஒரே நாளில் ஏற்க மறுத்தன. பாதுகாப்புக்கு என்று பெயர் சொல்லி முன்னாடியே உள்ளே போட்டிருந்த மென்பொருள், அந்தத் தேதிக்காகக் காத்திருந்திருக்கிறது. கூச்சல் கிளம்பிய பிறகு, முன்கூட்டிச் சொல்லாததற்கு ஹெச்பி வருத்தம் தெரிவித்து, வேண்டுகிறவர்கள் போட்டுக்கொள்ள மாற்று மென்பொருளைக் கொடுத்தது. அமெரிக்காவில் வழக்குப் போட்டவர்களோடு 15 லட்சம் டாலருக்குச் சமரசம். வாங்குகிறவனுக்கு இந்தக் கட்டுப்பாட்டைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று இத்தாலியின் போட்டி ஆணையம் 2020-இல் ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு அது டீச் செலவு. பூட்டு இன்னும் இருக்கிறது, இப்போது பெட்டியிலேயே அச்சடித்து விற்கிறார்கள். 2024 ஜனவரியில் அப்போதைய தலைவர் என்ரிக் லோரெஸ் ஒரு டிவி பேட்டியில் ஒளிவுமறைவில்லாமல் பேசினார்: பிரின்டர் வாங்குகிற ஒவ்வொரு ஆளும் கம்பெனிக்கு ஒரு முதலீடு, அவர் போதுமான அளவு பிரின்ட் எடுக்காவிட்டாலோ எங்கள் மையை வாங்காவிட்டாலோ அது மோசமான முதலீடு என்கிற அர்த்தத்தில். காசு கொடுத்தது நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கணக்கில் நான் அவர் போட்ட முதல்.

இதில் கோர்ட் வாங்குகிறவன் பக்கம் நின்றதும் உண்டு. லெக்ஸ்மார்க் கம்பெனி, காலியானதும் எங்களுக்கே திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு டோனரைத் தள்ளுபடி விலையில் விற்றது. காலி டோனரைச் சேகரித்து நிரப்பி விற்ற ஒரு சின்னக் கம்பெனிமேல் காப்புரிமை வழக்கும் போட்டது. 2017 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விற்றபின் அந்தப் பொருள்மேல் உன் காப்புரிமை தீர்ந்தது, வெளிநாட்டில் விற்றிருந்தாலும் அப்படித்தான் என்று தீர்ப்பு சொன்னது. படித்தபோது கைதட்டத் தோன்றியது. ஆனால் எந்த சிப்புக்கும் தீர்ப்பு வாசிக்கத் தெரியாதே.

சிப் இல்லாவிட்டால் தரம் போய்விடும் என்று கம்பெனிக்காரர்கள் பேசும்போது எனக்கு 2022 ஜனவரிதான் ஞாபகம் வரும். கொரோனாவுக்குப் பிறகு உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு. கேனனுக்கே தன் டோனரில் வைக்கச் சிப் கிடைக்கவில்லை. சிப் இல்லாமலே டோனரை விற்றது. மெஷின் எச்சரித்தால் எந்தப் பட்டனை அமுக்கி அதைத் தாண்டிப் போவது என்று ஜெர்மனியில் தன் வாடிக்கையாளர்களுக்குத் தானே சொல்லிக்கொடுத்தது. அச்சுத் தரம் குறையாது, மீதி டோனர் எவ்வளவு என்று காட்டுவதில்தான் சிக்கல் வரலாம் என்றும் சொன்னது. எங்கள் மெக்கானிக் தம்பி வருஷக்கணக்காகச் சொன்னதும் அதேதான்.

மூன்றாவது மெஷின், இப்போதும் ஓடிக்கொண்டிருப்பது: 2018-இல் வாங்கிய இங்க் டேங்க். பதினோராயிரம் கொடுத்தேன். பாட்டிலை வாங்கி டேங்கில் ஊற்ற வேண்டியதுதான், மை எவ்வளவு இருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். கறுப்பு பாட்டில் ஒன்றில் 4,000 பக்கம் என்று அட்டையில் போட்டிருப்பார்கள், எனக்கு மூவாயிரத்துக்கு மேல் வந்திருக்கிறது. இதுவரை 84,000 பக்கம். மூன்றில் எது நல்லது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

இந்த டேங்க் பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்தோனேசியாவில் கடைக்காரர்கள் கார்ட்ரிட்ஜ் பிரின்டரை ஓட்டை போட்டு, வெளியில் டப்பா வைத்து, டியூப் மூலம் மை இறக்கி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நம் ஊரிலும் அதைச் செய்தவர்கள் உண்டு. அப்படி மாற்றினால் வாரன்டி கிடையாது என்பது கம்பெனிகளின் பேச்சு. எப்சன் அதைப் பார்த்துவிட்டு, 2010-இல் இந்தோனேசியாவிலேயே முதலில் டேங்க் வைத்த பிரின்டரைக் கம்பெனி முத்திரையோடு இறக்கியது. மெஷின் விலை கூடுதல், மை விலை குறைவு. பிறகு மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. தெருவோர மெக்கானிக் திருகாணியைக் கழற்றிச் செய்த குற்றம்தான் இன்றைக்கு எல்லா ஷோரூம் வாசலிலும் நிற்கிறது. அவன் பெயரில் யாரும் காப்புரிமை வாங்கவில்லை.

சரி, இதிலாவது பூட்டு இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். மூன்றாம் வருஷம் ஒரு நாள் இரண்டு சிவப்பு லைட்டும் மாறி மாறி மின்னி, மெஷின் அசையாமல் நின்றுவிட்டது. மையும் பேப்பரும் இருக்கிறது, ஹெட்டும் சுத்தம். தம்பி வந்து பார்த்துவிட்டு, பேடு நிறைஞ்சிருச்சு என்றான். ஹெட்டைக் கழுவும்போதெல்லாம் துப்புகிற மை, மெஷின் அடியில் இருக்கிற பஞ்சு மெத்தையில் போய்ச் சேரும். கவனியுங்கள், அந்தப் பஞ்சு நிறைந்ததா என்றும் மெஷின் பார்ப்பதில்லை. இத்தனை துளி துப்பியிருக்கிறேன் என்று ஒரு எண், கவுண்டர் என்பார்கள். அந்த எண் எல்லையைத் தொட்டால் கடையைச் சாத்திவிடும். நிரம்பி வழிந்தால் மேசை நாசம் என்பதால் எல்லை வேண்டியதுதான், அதை மறுக்கவில்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டால், போர்டோடு மாற்ற வேண்டும், அதற்குப் புதுசே வாங்கிவிடலாம் சார் என்றார்கள்.

தம்பி பஞ்சை உருவினான். மூன்று வருஷத்துப் பட்டா, சிட்டா, ஹால் டிக்கெட்டுக்காகக் கழுவின கழுவல் எல்லாம் சேர்ந்து, பழைய வெல்லப்பாகு மாதிரி கெட்டியாகக் கிடந்தது. வாளியில் போட்டு அலச அலச நீலமும் சிவப்பும் கறுப்புமாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. ஏழாவது வாளியில்தான் வெளுத்தது. மொட்டை மாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் காய வைத்தேன். வீட்டில் வாங்கின ஏச்சு தனி.

காய்ந்த பஞ்சைத் திருப்பி வைத்தும் சிவப்பு லைட் அணையவில்லை. பஞ்சு சுத்தமாகிவிட்டது, எண் சுத்தமாகவில்லை. அந்த எண்ணைப் பூஜ்யமாக்க இணையத்தில் கீ என்று ஒரு ரகசியக் குறியீட்டை விற்கிறார்கள், ஒரு கீ ஒரு தடவைக்குத்தான். அறுநூறு ரூபாய் கட்டி, வந்த கீயைத் தட்டினோம். மெஷின் எதுவுமே நடக்காத மாதிரி டக்கென்று எழுந்து உட்கார்ந்தது. பஞ்சைத் துவைக்க ஏழு வாளித் தண்ணீர், மெஷினுக்குள் இருக்கிற ஒரு எண்ணை மாற்ற அறுநூறு ரூபாய்.

நம் தொழிலுக்குப் பெயர் கொடுத்த ஜெராக்ஸ் கம்பெனியின் பழைய கதை ஒன்று இதோடு ஒட்டி வருகிறது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் ஒரு லேசர் பிரின்டர் கொடுத்தது. பேப்பர் சிக்கினால் பிரின்ட் கொடுத்தவருக்குத் தகவல் போகிற மாதிரி மாற்றலாம் என்று அங்கே புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் நினைத்தார். மாற்றுவதற்கு மெஷினை ஓட்டுகிற புரோகிராமின் மூல நிரல் வேண்டும், அது கையில் இல்லை. அது வைத்திருந்த கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஒருவரிடம் நேரில் போய்க் கேட்டார். கொடுக்க மாட்டேன் என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று அவர் கையை விரித்துவிட்டார். யார் வேண்டுமானாலும் பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்கிற மென்பொருளுக்காக 1983-இல் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்ததற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம். நம் ஊரில் ஒரு மெஷின் சண்டித்தனம் செய்தால் அதன் தலையில் ஒரு தட்டு தட்டுவதோடு விட்டுவிடுகிறோம்.

2022-இல் டில்லியில் நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமை என்று ஒரு குழு போட்டு இணையதளமும் திறந்தது. நானும் போய்ப் பார்த்தேன். சர்வீஸ் சென்டர் போன் நம்பர் கிடைக்கிறது. என் பஞ்சின் கவுண்டரைப் பற்றி அங்கே பேச்சு இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு: மாதம் 200 பக்கத்துக்கு மேல் என்றால் டேங்க், கலர் வேண்டாம் என்றால் லேசர். கார்ட்ரிட்ஜ் மெஷினை யாராவது இனாமாகக் கொடுத்தாலும் வாங்கி வைக்காதீர்கள். டேங்க் வாங்கினால், கழிவு மைப் பெட்டியை நாமே கழற்றி மாற்றுகிற மாதிரி மாடல் இப்போது வருகிறது, கடையில் மூடியைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டுக் காசு கொடுங்கள். வாரத்துக்கு ஒரு கலர் பக்கமாவது எடுங்கள், இல்லாவிட்டால் ஹெட் அடைத்து, கழுவிக் கழுவியே மை தீரும். நெட் கட்டாயம் வேண்டும், அக்கவுன்ட் தொடங்கினால்தான் ஓடும் என்கிற மெஷினைத் தொடவே தொடாதீர்கள்.

போன வாரம் தம்பி லேப்டாப்பை மாட்டிப் பார்த்தான். பஞ்சு கவுண்டர் 91 சதவீதம். அடுத்த கீ வாங்கி நோட்டில் எழுதி வைத்துவிட்டேன். வடகம் போடுகிற மாசத்தில் மட்டும் பஞ்சைத் துவைக்கக் கூடாது என்று வீட்டில் கறாராகச் சொல்லியாயிற்று.