வலையில் கிடக்கும் ஆமைக்கு எந்த வள்ளம்?

"மக்கா, ஆமை ஒண்ணு பழைய வலையில சுத்திக் கெடக்கு, உசுரு இருக்கு, அறுத்து விட்டுரட்டா, இல்ல கரைக்குக் கொண்டுவரட்டா?" கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடிக் கடலிலிருந்து காலை ஏழு மணிக்கு இப்படி ஒரு போன் வந்தால் யோசிக்க ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. கேட்பவர் ஒரு கையில் கத்தியோடு, இன்னொரு கையால் வலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அவருக்கு வேலையும் கிடக்கிறது. அதனால் கணக்கை முன்கூட்டியே போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை, உங்கள் கடலுக்கும் உங்கள் எஞ்சினுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆமை கிடப்பது கரையிலிருந்து 6 கடல் மைல், அதாவது 11 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் (ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்). ஆமையின் பக்கத்தில் நிற்கும், போன் செய்தவரின் வள்ளம் (சிறிய நாட்டுப் படகு) சுமையோடு எதிர்காற்றில் மணிக்கு 5 கடல் மைல் ஓடும். கரையில் நிற்கும் வேகமான ஃபைபர் படகு மணிக்கு 12 ஓடும். ஆமை பெரும்பாலும் பங்குனி ஆமையாகத்தான் (ஆலிவ் ரிட்லி) இருக்கும், வளர்ந்தது 35 முதல் 45 கிலோ, 40 என்று வைப்போம்.

முதல் வழி, அங்கேயே அறுத்து விடுவது. பத்து நிமிட வேலை, செலவும் இல்லை. ஆமை நான்கு துடுப்பையும் வீசி அடிக்கிறது, தலையைத் தூக்கி மூச்சு விடுகிறது, காயம் ஆழமாக இல்லை என்றால் இதுதான் சரி, கரைக்கு இழுத்து வந்து அதை வதைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் துவண்டு கிடக்கும் ஆமையைத் தண்ணீரில் விட்டால் அது மூழ்கித்தான் சாகும். கடலிலேயே வாழ்ந்தாலும் அது நுரையீரலால் மூச்சு விடுகிற பிராணி என்பது கரையில் பலருக்கு நினைவில் நிற்பதில்லை. வலையில் இருந்தபோதே தண்ணீருக்கடியில் மூச்சு முட்டி மயங்கியிருக்கலாம், செத்த மாதிரி கிடந்து பல மணி நேரம் கழித்து எழும்பிய ஆமைகள் உண்டு. அசைவில்லை என்பதற்காகத் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

ஒருமுறை கழிமுகத்து மணலில் ஒதுங்கிக் கிடந்த ஒரு ஆமையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முன்துடுப்பு உடம்போடு சேரும் இடத்தில் பச்சை நைலான் கயிறு சதைக்குள் இறங்கி, மேலே தோல் வீங்கி மூடியிருந்தது. கயிறு எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. நெடுநேரம் ஒன்றும் இல்லை, பிறகு திடீரென்று தலையைத் தூக்கி சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது போல ஒரு மூச்சு. கண்ணோரம் கொழகொழவென்று நீர் வடிந்தது, அழுகிறது என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். உடம்பில் சேரும் உப்பை அது அப்படித்தான் வெளியேற்றும். ஆனாலும் அந்த நேரத்தில் அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இப்படிக் காயம்பட்ட ஆமை என்றால் கரைக்கு வந்தாக வேண்டும். எந்தப் படகில் என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். "வள்ளம் மெதுவா வரும், ஃபைபர் போட்டை அனுப்பு, இரட்டிப்பு வேகம்" என்று யாராவது சொல்வார்கள், கேட்கச் சரியாகத்தான் படும். ஆனால் வள்ளம் ஒரு தடவைதான் அந்த தூரத்தைக் கடக்க வேண்டும், ஃபைபர் போய் வர வேண்டும். தூரம் இரட்டிப்பு, வேகமும் இரட்டிப்பு, அங்கேயே லாபம் ஏறக்குறைய பூஜ்யம்.

நிமிடமாகப் போட்டால் இன்னும் தெளிவாகும். வள்ளத்தில்: வலையை அறுத்து ஆமையைத் தூக்கிப் போட 15, ஆறு கடல் மைல் வர 72, அலையடிக்கும் கரையில் இறக்க 15, மொத்தம் 102. ஃபைபரில்: ஆள் திரட்டி பெட்ரோல் ஊற்றிக் கிளம்ப 30, போக 30, தேட 20, அறுத்துத் தூக்க 15, வர 30, இறக்க 15, மொத்தம் 140. வேகமான படகுதான் 38 நிமிடம் பின்தங்குகிறது.

அந்தத் தேடும் 20 நிமிடத்தைச் சிலர் ஒத்துக்கொள்வதில்லை, ஜிபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். ஜிபிஎஸ் சொல்வது போன் பேசிய நேரத்து இடத்தை. நீவாடு (கடல் நீரோட்டம்) மணிக்கு ஒரு கடல் மைல் இழுத்தால்கூட, கிளம்ப அரை மணி, போக அரை மணி என்று ஒரு மணி நேரத்தில் ஆமை கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். அலைக்கு நடுவில் தண்ணீர் மட்டத்தில் மிதக்கும் ஒரு முதுகு ஓட்டை இரண்டு கிலோமீட்டரில் தேடுவது என்னவென்று கடலுக்குப் போனவருக்குத் தெரியும். வள்ளம் ஆமையை விட்டு நகராமல் நின்றால் தேட வேண்டாம்தான், ஆனால் அவ்வளவு நேரம் நிற்கிற வள்ளம் அதையே தூக்கிக்கொண்டு வந்துவிடலாமே.

இரண்டும் எதிரெதிராகக் கிளம்பி நடுவில் சந்தித்தால்? காகிதத்தில் இதுதான் ஜெயிக்கிறது. 30ஆவது நிமிடம் ஃபைபர் கிளம்பும்போது வள்ளம் 1.25 கடல் மைல் வந்திருக்கும், மீதி 4.75. இருவரும் சேர்ந்து மணிக்கு 17 நெருங்கினால் 17 நிமிடத்தில் சந்திப்பு, மாற்றி ஏற்ற 10, கரைக்கு 17, இறக்க 15, மொத்தம் 89 நிமிடம். மிச்சம் 13 நிமிடம். அந்த 13 நிமிடத்துக்காக, ஆடுகிற இரண்டு படகுகளுக்கு நடுவே 40 கிலோ எடையுள்ள, துடுப்பால் அறையக்கூடிய, காயம்பட்ட உயிரை ஆகாயத்தில் தூக்க வேண்டும். கை நழுவினால் ஆமையும் போகும், மனிதர் விரலும் நசுங்கும். கடல் கண்ணாடி போல இருந்தாலொழிய நான் இதற்குச் சம்மதிக்க மாட்டேன்.

மோசமான நாளையும் பார்த்துவிட வேண்டும். கச்சான் (மேற்குக் காற்று) பலத்து வள்ளம் 3.5 கடல் மைலுக்கு இறங்கினால் வர மட்டும் 103 நிமிடம், மொத்தம் 133. அதுவும் ஃபைபரின் நல்ல நாளுக்குள்ளேயே அடங்குகிறது. ஃபைபரின் மோசமான நாள் என்றால் ஆமையைக் கண்டுபிடிக்காமல் திரும்பி வருவது. அப்புறம் அந்த வள்ளக்காரருக்கு ஒரு நாள் பாடு போகிறது, எரிபொருள் போகிறது. அதைக் கரையில் நிற்பவர்கள் கையோடு கொடுத்துவிட வேண்டும், அடுத்த முறை அவர் போன் செய்ய வேண்டுமே.

வள்ளத்தில் வைக்கிற முறை தெரியாவிட்டால் 102 நிமிடமும் வீண். மல்லாத்தக் கூடாது. ஒரு பழைய டயரின் மேல் கவிழ்ந்தபடியே வைத்தால் உருளாது. துவண்டிருந்தால் பின்பக்கம் ஒரு சாண் உயரட்டும், நுரையீரலில் ஏறிய தண்ணீர் வடியும். நனைந்த சாக்கை ஓட்டின் மேல் போடலாம், மூக்கை மூடக் கூடாது. பாவம் என்று தண்ணீர் நிறைந்த தொட்டியில் போடவே கூடாது. வாயிலிருந்து நூல் தொங்கினால் இழுக்காமல் கொஞ்சம் நீளம் விட்டு நறுக்க வேண்டும், உள்ளே தூண்டில் எங்கே மாட்டியிருக்கிறதோ யாருக்குத் தெரியும்.

கரைக்கு வந்த பிறகு மூன்று வழி. திருவனந்தபுரம் தூரத்தில் அப்படியொன்றும் அதிகமில்லை, ஆனால் மார்த்தாண்டம் நெரிசல், களியக்காவிளை எல்லை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரை மாநிலம் தாண்டிக் கொண்டுபோகும் அனுமதி என்று மணிக்கணக்கில் போகும். நான் அதைத் தள்ளிவிடுவேன். நெல்லை ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி நேராகப் போனால், நாகர்கோவில் வரை 12 கிலோமீட்டர் அரை மணி, அப்புறம் ஆரல்வாய்மொழி, காவல்கிணறு வழியாகச் சுமார் 80 கிலோமீட்டரை மணிக்கு 60 வைத்து 80 நிமிடம், ஆக 110. நாகர்கோவிலில் நிறுத்தி மருத்துவரிடம் ரத்தத்தைக் கட்டிவிட்டுப் போனால் 150. வழியிலேயே இருப்பதால் கூடுவது அந்த 40 நிமிடம் மட்டும்தான், ரத்தம் வடிகிற ஆமைக்கு அது தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆனால் அந்த 40ஐயும் கொடுக்க வேண்டியதில்லை. வள்ளம் வந்துகொண்டிருக்கும் 72 நிமிடமும் கரையில் நிற்பவர்களுக்கு இனாம். போனை வைத்த அடுத்த நிமிடம் நாகர்கோவில் வனத்துறை அலுவலகத்துக்குச் சொன்னால் (அந்த 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அவர்கள் இல்லாமல் நாம் ஆமையை வைத்துக்கொள்ளவே முடியாது), அவர்கள் மருத்துவரை அழைத்துக்கொண்டு மணக்குடி வந்து சேர முக்கால் மணி போதும். நெல்லைக்கும் அப்போதே போன் போட்டு, எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிடலாம். டயரோடு ஒரு வண்டியும், நாலு ஆளும், ஈரச் சாக்கும் தயாராகிவிடும். எல்லோரும் தயாராகிக் கரையில் நிற்கும்போது வள்ளம் இன்னும் வந்திருக்காது.

ஆகவே அந்த ஏழு மணிப் போனுக்கு நான் கேட்பது இவ்வளவுதான்: "அண்ணே, துடுப்பு அசையுதா, காயம் ஆழமா, எண்ணெய் எவ்வளவு இருக்கு?" அசையுது, காயமில்லை என்றால் அறுத்து விடச் சொல்வேன். இல்லையென்றால், "நீங்களே கொண்டுவாங்க, மெதுவா வந்தாப் போதும், நாங்க கரையில நிக்கோம்."