காசு கட்டினால் வைஃபை: வளவு வீட்டில் எட்டு மாசம் ஓட்டிப் பார்த்தது

கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு பழைய செட்டியார் வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்துகிறோம். வீடு ஆச்சியுடையது, நான் பார்த்துக்கொள்கிறவன். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டுக் கதவைத் திறந்தால் அடுத்த தெரு, நடுவில் பன்னிரண்டு அறை. போன வருஷம் வரை வைஃபை இலவசம்தான், பாஸ்வேர்டைச் சாவி வளையத்திலேயே எழுதி மாட்டிக் கொடுத்துவிடுவோம். கொஞ்ச நாளில் ராத்திரி பதினொரு மணிக்கு எங்கள் திண்ணையில் ஊர்ப் பையன்கள் பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்து கேம் ஆடிக்கொண்டிருந்தார்கள். பாஸ்வேர்டை மாற்றினேன், மறுநாள் சாயங்காலமே புதுசும் அவர்களிடம் இருந்தது. அப்புறம் ஒரு கல்யாணம், வந்த பங்காளிகள் எல்லாருமாகச் சேர்ந்து லைனை உறிஞ்சியதில் மாப்பிள்ளை வீட்டாருக்கு வீடியோ கால்கூடப் போகவில்லை. அன்றைக்குத்தான் காசு வைக்கலாம் என்று முடிவெடுத்தோம்.

பக்கத்து நகரத்தில் இதையே தொழிலாகச் செய்யும் ஒரு கம்பெனியைப் பிடித்தேன். குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம். அவர்கள் தருவது மைக்ரோடிக் என்ற பிராண்டு ரூட்டர் ஒன்று, வீட்டுக்குள் வைஃபையைப் பரப்பும் ஐந்து ஆக்ஸஸ் பாயிண்ட், கிளவுடில் ஓடும் பில்லிங் சாஃப்ட்வேர், அதோடு ஆன்லைனில் பணத்தை வாங்கி நம் கணக்கில் சேர்க்கும் ஒரு பேமென்ட் கேட்வே இணைப்பு. ரூட்டரைப் பற்றி ஒரு குறையும் கிடையாது, வைத்த இடத்தில் கிடக்கிறது, இன்வெர்ட்டரில் போட்டதிலிருந்து ஒருநாளும் படுக்கவில்லை. தனியாக பில்லிங் சாஃப்ட்வேர் எதற்கு, மைக்ரோடிக்கிலேயே பயனர் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் யூசர் மேனேஜர் இருக்கிறதே என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். இருக்கிறது, அதில் பேபால் வழியாகப் பணம் வாங்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள் நடக்கும் உள்நாட்டுப் பணப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. காரைக்குடியிலிருந்து வருகிறவர் யுபிஐ தவிர வேறெதையும் திறக்கவும் மாட்டார்.

கேட்வேக்காரர்கள் கேட்ட காகிதங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். பான், நடப்புக் கணக்கு, அது போக ஒரு வெப்சைட், அதில் விதிமுறைகள், தனியுரிமைக் கொள்கை, பணம் திருப்பித் தரும் கொள்கை, தொடர்பு முகவரி எல்லாம் தனித்தனிப் பக்கமாக இருக்க வேண்டுமாம். முப்பது ரூபாய் வைஃபைக்கு ரீஃபண்ட் பாலிசி எழுதிய முதல் ஆள் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன். சரி, எழுதினேன். ஆச்சி பெயர் பான் கார்டில் முழுசாக இருக்கிறது, வங்கியில் முன்னெழுத்து மூன்றோடு இருக்கிறது. இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் வங்கிக்குப் போய்க் கணக்கில் பெயரை மாற்றி வந்தபின்தான் பச்சை டிக் விழுந்தது, அதற்கே மூன்று வாரம்.

இனி உண்மையான சிக்கலுக்கு வருகிறேன், இந்தச் சேவையை வாங்க நினைப்பவர்கள் இதை மட்டுமாவது படியுங்கள். காசு கட்டினால்தான் நெட், நெட் இருந்தால்தான் காசு கட்ட முடியும். இதற்கு வால்டு கார்டன் என்று ஒரு ஏற்பாடு உண்டு, அதாவது பணம் கட்டாதவருக்கும் திறக்கும் தளங்களின் பட்டியல். அதில் கேட்வேயின் முகவரிகளைச் சேர்த்துவிட்டால் போதும் என்று கம்பெனிக்காரர் சொல்லிவிட்டுப் போனார். போதவில்லை. கார்டு போட்டால் ஓடிபி பக்கம் அந்தந்த வங்கியின் முகவரியில் திறக்கும், அது பட்டியலில் இல்லையென்றால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு விருந்தினரும் மாட்டிக்கொள்ளும்போது ஒவ்வொரு வங்கியாகச் சேர்த்தோம்.

யுபிஐயில் கதை வேறு. போன் வைஃபையில் சேர்ந்ததும் தானாக எழும்பும் லாகின் பக்கம் இருக்கிறதே, அது முழு பிரவுசர் இல்லை, ஒரு குட்டி ஜன்னல். அதில் 'யுபிஐயில் செலுத்து' என்று தொட்டால் பல ஆண்ட்ராய்டு போன்களில் யுபிஐ ஆப் திறக்காது, வெள்ளைப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு பிழை வரிதான் வரும். ஐபோனில் ஆப்புக்குத் தாவிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் அந்த ஜன்னலே இருக்காது. பணம் போயிருக்கும், நெட் வந்திருக்காது. முதல் மாதம் எனக்கு வந்த சண்டையில் பாதி இதனால்தான்.

மொபைல் டேட்டாவில் கட்டட்டுமே என்றால், எங்கள் சுவரைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். செங்கலும் சுண்ணாம்புமாக அவ்வளவு தடிமன், இரண்டாம்கட்டுக்குள் போனாலே டவர் ஒரு புள்ளிக்கு இறங்கிவிடும். ஒரு பெரியவர் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி முற்றத்தில் நடுவெயிலில் ஆத்தங்குடிக் கல்லின் சூட்டில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

தீர்வை நானேதான் கண்டுபிடித்தேன், கம்பெனிக்காரர் இல்லை. வரிசையைத் திருப்பிப் போட்டோம். முகப்பில் தூணுக்குப் பக்கத்தில், டவர் நன்றாகக் கிடைக்கும் இடத்தில், ஒரு கியூஆர் அட்டை. அறைக்குப் போகுமுன் அங்கேயே ஸ்கேன் செய்தால் கிளவுடில் இருக்கும் கட்டணப் பக்கம் சாதாரண பிரவுசரில் திறக்கும், அவரவர் டேட்டாவில் யுபிஐ கட்டுகிறார்கள், ஆறு இலக்க எண் எஸ்எம்எஸ்ஸில் வருகிறது. அப்புறம் உள்ளே போய் வைஃபையில் சேர்ந்து அந்த எண்ணைப் போட்டால் முடிந்தது. இதை மாற்றித்தரக் கம்பெனியில் அரைநாள் வேலைதான் ஆனது, ஆனால் நான் ஒரு மாதம் கத்தவேண்டியிருந்தது.

பணம் வந்ததை ரூட்டர் எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். பணம் விழுந்ததும் கேட்வே ஒரு செய்தி அனுப்பும், வெப்ஹுக் என்பார்கள். எங்களுடையது உள்ளூர் ஆபரேட்டரின் ஃபைபர், வெளியிலிருந்து நேராக நம்மை அடைய நமக்கென்று தனி இணைய முகவரி (பொது ஐபி) கிடையாது, அதனால் அந்தச் செய்தி நேராக வீட்டு ரூட்டருக்கு வர வழியில்லை. கிளவுட் சர்வர் அதை வாங்கி வைத்துக்கொள்ளும், ரூட்டர் அங்கே போய்க் கேட்டுக்கொள்ளும். இந்த இடத்தில் கம்பெனியைப் பாராட்ட வேண்டும், பணம் கட்டிப் பத்து விநாடிக்குள் நெட் திறந்துவிடுகிறது. வங்கிப் பக்கம் தொங்கிவிட்டால் மட்டும் கஷ்டம். கடைக்குக் கட்டிய யுபிஐ பணம் போய்ச் சேராவிட்டால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு நூறு ரூபாய் என்று ரிசர்வ் வங்கி 2019லேயே விதி போட்டிருக்கிறது. கல்யாணத்துக்கு வந்தவரிடம் அந்த விதியை வாசித்துக் காட்டவா முடியும்? நுழைவு எண் போட்ட கூப்பன் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவேன்.

கணக்கு: ஒருநாள் கட்டணம் 30 ரூபாய். யுபிஐக்கு 2020 ஜனவரியிலிருந்து எம்டிஆர் (கடைக்காரரிடம் பிடிக்கும் பரிமாற்றக் கட்டணம்) கிடையாது என்றாலும் என் கேட்வே தன் தளத்துக்கென்று 2 சதவீதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் எடுக்கிறது, ஆக 71 பைசா போய் 29 ரூபாய் 29 பைசா கணக்கில் விழுகிறது. இது பரவாயில்லை. வெளிநாட்டுக் கார்டுகளைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை மட்டும் எனக்கு யாரும் சொல்லவே இல்லை. கோலாலம்பூரிலிருந்து அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த குடும்பம், ஏழு கார்டு, ஏழும் நிராகரிப்பு. எழுதிக் கேட்டு ஒன்பதாவது நாள் திறந்துவிட்டார்கள், அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

சட்டப் பக்கமும் உண்டு. வீட்டு பிராட்பேண்டை அப்படியே காசுக்கு விற்கக்கூடாது. 2020 டிசம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த பிஎம்-வாணி என்ற பொது வைஃபை திட்டத்தில் பிடிஓ, அதாவது வைஃபை தரும் சின்ன மையமாகச் சேர்ந்தால் உரிமமோ பதிவோ தேவையில்லை, இப்படிப்பட்ட மையங்களை ஒருங்கிணைக்கும் பதிவு பெற்ற நிறுவனம் (பிடிஓஏ) ஒன்றின்கீழ் நடத்தலாம். கம்பெனியே அதைச் செய்துகொடுத்தது, நல்ல விஷயம். ஆனால் நுழைய இந்திய எண்ணுக்கு ஓடிபி வேண்டும், இந்திய சிம் இல்லாத பிரெஞ்சுக்காரர் என்ன செய்வார்? வெளிநாட்டினர் தங்கினால் எப்படியும் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு விவரம் அனுப்புகிறோம், அந்த பாஸ்போர்ட் விவரத்தைப் பதிந்து கவுன்டரில் கூப்பன் எண் கொடுக்கும்படி செய்துகொண்டோம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். கருவிக்கும் சாஃப்ட்வேருக்கும் நாலரை, சர்வீஸுக்கு இரண்டு. ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்கமாட்டார்கள், எங்களுக்கு முகூர்த்தமே பெரும்பாலும் ஞாயிறுதான். வாங்குவதாக இருந்தால் ஆர்டர் கொடுக்குமுன் அவர்கள் ஆளை உங்கள் வீட்டின் கடைசி அறையில் உட்கார வைத்து, அவர் போனிலேயே கட்டணம் கட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

ஆச்சிக்கு இன்னும் இது ஒப்பவில்லை. "தம்பி, காத்துல வாரதுக்கா காசு வாங்குறிய?" என்று போன வாரம்கூடக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, கூப்பன் கட்டிலிருந்து நாலைந்தைக் கிழித்து மடியில் செருகிக்கொண்டு போனார்கள். அன்று ராத்திரி திண்ணையில் மறுபடியும் பையன்கள், எல்லார் போனிலும் ஃபுல் சிக்னல்.