ஏரிப்பக்க வேலி: ரெடிமேட் சுவரா, செயின் லிங்க்கா, எது நிற்கும்?

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் ஏரியை ஒட்டி வீடு கட்டுகிறவர்களில் பலர் நான்கு புறத்துக்கும் ஒரே வேலியைப் போட்டுவிடுகிறார்கள். சாலைப் பக்கத்தில் எது போட்டாலும் நிற்கும். ஏரிப்பக்கத்தில் தண்ணீரை மறிக்காத வேலி மட்டுமே நிற்கும். சந்தையில் கிடைக்கும் வேலிகளை அந்த ஒரு கண்ணோடு பார்த்தால் தரவரிசை தலைகீழாகிவிடும்.

முதலில் ரெடிமேட் காம்பவுண்டு சுவர். பக்கவாட்டில் காடி வெட்டிய கான்கிரீட் கால்களுக்கு நடுவில் ஒரு அடி உயரக் கான்கிரீட் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குவது. இரண்டு நாளில் வேலை முடியும், பார்க்கவும் மறைப்பாக இருக்கும். ஆனால் மழைக்காலத்தில் ஒரு பக்கம் மட்டும் இரண்டு அடி தண்ணீர் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 180 கிலோ தள்ளுவிசை விழும். எட்டு அடி இடைவெளி உள்ள இரண்டு கால்களுக்கு நடுவே அது 430 கிலோவைத் தாண்டும். ஊறிய களிமண்ணில் இரண்டு அடி ஆழத்துக்கு நட்ட கால் அதைத் தாங்காது. முதலில் சாயும், பிறகு பலகைகள் வரிசையாகக் கழன்று விழும். இந்தச் சுவர்தான் வேண்டும் என்றால் ஏரிப்பக்கத்தில் கீழ் இரண்டு பலகைகளை விட்டுவிட்டு அந்த இடத்தில் கம்பி வலை கட்டச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் நிற்கும்.

தண்ணீர் எதுவரை வரும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் கலங்கலின் மேல்மட்டம்தான் அளவுகோல். டியூப் லெவலில் (மட்டம் பார்க்கும், தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்) அந்த மட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி உங்கள் மனை வரை கொண்டுவந்து ஒரு கல்லில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கலங்கல் வழியும்போது நீர் அந்தக் கோட்டுக்கும் சற்று மேலே போகும் என்பதால் இன்னும் ஒரு அடி கூட்டிக் கணக்கிடுங்கள். அதற்கும் முன்னால் மனையின் எல்லை அளவுகள் உள்ள புலப்படத்தை வைத்து சர்வேயரிடம் எல்லைக்கல் காட்டி வாங்குங்கள். வேலி நீர்நிலைப் புறம்போக்கில் ஒரு அடி போனாலும் 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி அதை அகற்றலாம். போட்ட செலவு திரும்பாது.

அடுத்தது செயின் லிங்க், அதாவது கம்பியைப் பின்னிச் சுருளாக விற்கும் வலை வேலி. ஏரிப்பக்கத்துக்கு இதுதான் சரி. ஆனால் கடையில் எதை வாங்குகிறோம் என்பதில் நிறைய ஏமாற்றம் உண்டு. பச்சை பிவிசி பூசிய கம்பியை "10 கேஜ்" என்று விற்பார்கள் (கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும்). பல நேரம் அது பூச்சோடு சேர்த்த தடிமன். பூச்சைச் சுரண்டினால் உள்ளே 14 கேஜ், அதாவது 2 மில்லிமீட்டர் கம்பிதான் இருக்கும். தராசு இதைக் காட்டிக்கொடுக்கும். ஐந்து அடி உயரம், 50 அடி நீளம், இரண்டு அங்குலக் கண் (வலை ஓட்டை) உள்ள சுருள், முழு 10 கேஜ் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியானால் சுமார் 65 கிலோ வரும்; 12 கேஜ் என்றால் சுமார் 43 கிலோ. பச்சைச் சுருள் 32 கிலோ அளவில் நின்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். தவிர, பிவிசி பூச்சு வெட்டிய முனைகளில் திறந்தே இருக்கும். நீர் அங்கே நுழைந்து பூச்சுக்கு அடியில் துருவை ஓட்டும். வெளியே பச்சை பளபளக்க, உள்ளே கம்பி கரைந்திருக்கும். தடித்த துத்தநாகப் பூச்சுள்ள வெறும் ஜிஐ கம்பியே மேல். செயின் லிங்க் வலைக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 2721-க்கு உட்பட்ட சுருளா, பூச்சு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். 100 கிராம் என்பதே 14 மைக்ரான் தடிமன்தான்.

கண் அளவு பற்றி யாரும் சொல்லாத ஒன்று: மூன்று அங்குலக் கண் 10 கேஜ் சுருளும், இரண்டு அங்குலக் கண் 12 கேஜ் சுருளும் ஏறக்குறைய ஒரே எடை. கிலோ கணக்கில் விற்பதால் விலையும் அதே. ஏரிப்பக்கத்துக்கு மூன்று அங்குலம் எடுங்கள். கம்பி தடிப்பாக இருப்பதால் துரு தின்று தீர்க்க நாளாகும். ஆகாயத்தாமரையும் குப்பையும் அடைப்பது குறையும். செடி மெத்தையாக வந்து அடைத்துவிட்டால் செயின் லிங்க்கும் சுவராகிவிடும் என்பதை மறக்கக்கூடாது. நாய்க்குட்டி, கோழி உள்ள வீடென்றால் மற்ற மூன்று பக்கத்துக்கும் இரண்டு அங்குலம். பாம்பை இரண்டுமே தடுக்காது.

காலுக்குக் கருங்கல்லை மிஞ்ச எதுவுமில்லை. இரும்பு ஆங்கிள் தரைமட்டத்தில் ஈரமும் காற்றும் சேரும் இடத்தில் அரிக்கும். கான்கிரீட் கால் நல்லதுதான். ஆனால் உள்ளே இருக்கும் கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டராவது கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். மலிவான கால்களில் அது இருக்காது, கம்பி துருப்பிடித்து உப்பி, கால் நீளவாக்கில் வெடிக்கும். கல்கால் துருப்பிடிக்காது, ஆனால் மாடோ வண்டியோ இடித்தால் ஒடியும். ஏரிப்பக்கம் வண்டி வராது.

எட்டு அடிக் கல், மூன்று அடி மண்ணுக்குள். கால்களுக்கு இடையே எட்டு அடி. குழி ஒரு அடிக்கு ஒரு அடி. 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவையில் ஒரு மூட்டை சிமெண்ட் இரண்டு குழிக்கு வரும். தோண்டிய களிமண்ணையே திரும்ப நிரப்பினால் கோடையில் வெடித்துக் கால் ஆடும். மூலைக்கு இரண்டு முட்டுக்கால், நேர் வரிசையில் 50 அடிக்கு ஒரு இடத்தில் இருபுறமும் முட்டுக்கால். கான்கிரீட் போட்டு ஏழு நாள் தண்ணீர் விட்ட பிறகே கம்பியை இழுக்க வேண்டும். மறுநாளே இழுப்பதால்தான் மூலைக்கால்கள் உள்நோக்கிச் சாய்கின்றன. மேல், நடு, கீழ் என மூன்று 10 கேஜ் இழுவைக் கம்பிகள். வலையைக் கட்ட சாதாரணக் கட்டுக்கம்பியைப் பயன்படுத்தினால் மிகச் சீக்கிரம் துருப்பிடித்து அறும். ஜிஐ கம்பியே வேண்டும். வேலையை ஏப்ரல் முதல் ஜூனுக்குள் முடியுங்கள், குழியில் ஊற்று இருக்காது.

உச்சியில் முள்கம்பி வேண்டாம். அந்தியில் தாழப் பறக்கும் வக்காவும் நீர்க்காகமும் அதில் சிக்கும். வேலிக்கு உட்புறம் நொச்சிப் போத்துகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக நட்டால் மறைப்பும் கிடைக்கும், கரை மண்ணும் பிடிக்கும். கிளுவை தண்ணீர் தேங்கினால் அழுகும். நெய்வேலிக் காட்டாமணக்கைச் சும்மா கொடுத்தாலும் நடாதீர்கள். ஒடிந்த தண்டு மிதந்துபோய் ஏரியெல்லாம் வேர்விடும். வலையின் அடியில் ஓரிரு இடத்தில் அரை அடி இடைவெளி விட்டால் ஆமைகள் முட்டையிட ஏறி இறங்க வழி இருக்கும்.