கைவேலைக் கிதாரா, இயந்திரக் கிதாரா: கழுத்தைப் பார்த்து எடுத்த முடிவு

பதினோரு வருடம் வாசித்த கைவேலைக் கிதாரைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்தில் கடைந்த தொழிற்சாலைக் கிதார் ஒன்றைப் போன வருடம் வாங்கினேன். கூட வாசிப்பவர்களில் பாதிப் பேருக்கு இது இன்னும் புரியவில்லை. ஒரே ஆள் உட்கார்ந்து உளி பிடித்துச் செய்ததை விட்டுவிட்டு, அச்சில் வார்த்தாற்போல் வரிசையாக வருவதை யாராவது எடுப்பார்களா என்று கேட்கிறார்கள். நான் எடுத்ததற்குக் காரணம் கிதாரின் கழுத்து.

முழுக்கக் கையால் செய்த கிதாரும், கை படாமல் இயந்திரமே செய்த கிதாரும் அநேகமாக எங்குமே இல்லை. கைவேலைக்காரரின் பட்டறையிலும் மரம் அறுக்கும் மெஷினும் தேய்க்கும் மெஷினும் ஓடும். தொழிற்சாலையிலும் உடலின் உள்ளே தாங்கும் மரப்பட்டிகளான பிரேஸ்களை ஒட்டுவது, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளின் முனையை மழுக்குவது, பாலிஷ் போடுவது என்று கைவேலை நிறையவே உண்டு. எந்த இடத்தில் மனிதன் முடிவெடுக்கிறான், எந்த இடத்தில் அளவு முடிவெடுக்கிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

ஃப்ரெட்டைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 645 மில்லிமீட்டர் தந்தி நீளமென்றால் முதல் ஃப்ரெட், கழுத்தின் தலைமுனையில் தந்தி படியும் நட்டிலிருந்து 36.2 மில்லிமீட்டரில் விழ வேண்டும். மிச்ச நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817-ஆல் வகுத்துக்கொண்டே போனால் மற்ற ஃப்ரெட்டுகளின் இடமும் கிடைத்துவிடும். இயந்திரம் இதை அலுக்காமல் செய்யும். நல்ல கைவேலைக்காரரும் அளவுச்சட்டம் வைத்துச் சரியாகவே அறுப்பார்.

கைவேலையின் பலம் மேற்பலகையில் இருக்கிறது. ஒரே ஸ்ப்ரூஸ் மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒரே விறைப்பில் இருப்பதில்லை. பொதுவாகத் தொழிற்சாலை தடிமனைக் குறித்துக் கொடுத்துவிட்டு எல்லாப் பலகைகளையும் அதே அளவுக்கு இழைக்கும். கைவேலைக்காரர் பலகையை இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பார்ப்பார், விரல்கணுவால் தட்டிக் கேட்பார், போதாதென்றால் இன்னும் ஒரு சுற்று இழைப்பார். உள்ளே ஒட்டிய பிரேஸ்களை உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, பலகை வாய் திறக்கும் இடத்தில் கையை எடுப்பார். தொழிற்சாலையால் அந்த எல்லைவரை போக முடியாது. எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும் ஸ்டீல் தந்திகளை அங்கே வரும் மிகத் தளர்ந்த பலகையும் தாங்கியாக வேண்டும். அதனால் எல்லாவற்றையும் சற்றுக் கனமாகவே விடுவார்கள். மேற்பலகை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஸ்பெயினின் கிதார்க் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெஸ் 1862-இல் செய்த கிதார் ஒன்று போதும். பக்கங்களையும் பின்பக்கத்தையும் காகித அட்டையில் செய்து, மேற்பலகைக்கு மட்டும் நல்ல மரம் போட்டார். என் பழைய கிதாரில் விரல் நுனியால் வருடினாலே அறை நிறையும். புதியது அவ்வளவு இளகவில்லை. ஒலியை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லச் சொன்னால் இன்றும் பழையதைத்தான் சொல்வேன்.

ஆனால் தந்தியின் இழுப்பு இரவும் பகலும் இருக்கிறது. வருடங்கள் போகப் போக, தந்திகளை மேற்பலகையில் பிடித்து நிறுத்தும் பிரிட்ஜுக்குப் பின்னால் மேற்பலகை உப்பும், முன்னால் அமுங்கும். கழுத்து உடலோடு சேரும் இடம் மயிரிழை அளவு முன்னால் சாயும். தந்தி ஃப்ரெட்டை விட்டு எழும்பத் தொடங்கும். கழுத்துக்குள் ஓடும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடைத் திருகினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கழுத்தின் வளைவைத்தான் மாற்றும். கழுத்து உடலில் உட்காரும் கோணத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

என் பழைய கிதாரில் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் 2.4 மில்லிமீட்டராக இருந்த தந்தியின் உயரம், அதாவது ஆக்‌ஷன் எட்டாவது வருடம் 3.5-ஐத் தாண்டியது. உயரத்தைக் குறைக்க, பிரிட்ஜில் தந்தி படியும் பட்டையான சாடிலைத் தேய்த்துத் தேய்த்து, பிரிட்ஜுக்கு மேல் அது தெரியாத நிலைக்கு வந்தது. தந்தி சாடிலில் அழுந்தாமல் போனதில் ஒலியும் மெலிந்தது. எந்த இளக்கம் அந்தக் கிதாருக்கு அப்படியொரு குரலைக் கொடுத்ததோ, அதே இளக்கம்தான் அதைச் சீக்கிரம் சாய்த்தது.

அதன் கழுத்து, புறாவின் வால் போல விரிந்த டவ்டெயில் இணைப்பில் பசை போட்டு இறக்கியது. அதைக் கழற்ற 15-ஆவது ஃப்ரெட்டைப் பிடுங்கி, அந்தப் பள்ளத்தில் துளை போட்டு, உள்ளே ஆவி செலுத்திப் பசையை இளக்க வேண்டும். கழுத்து வந்த பிறகு, உடலோடு சேரும் அதன் அடிப்பகுதியான குதியைச் சீவிக் கோணத்தை மாற்ற வேண்டும். குதியின் அடிநுனியில் 1 மில்லிமீட்டர் சீவினால் சாடில் இருக்கும் இடத்தில் கழுத்தின் நேர்கோடு சுமார் 3 மில்லிமீட்டர் மாறும், 12-ஆம் ஃப்ரெட்டில் தந்தியின் உயரம் ஏறக்குறைய ஒன்றரை. கை ஒரு இழுப்பு அதிகம் இழுத்தால் திரும்ப ஒட்ட முடியாது. செய்து கொடுத்தவர் அந்த வேலையையே விட்டுவிட்டிருந்தார். வேறொருவரிடம் கொடுத்தேன். ஏழு வாரம் கழித்து வந்தபோது ஆக்‌ஷன் சரியாக இருந்தது, ஆவி பட்ட இடத்தில் லாக்கர் பூச்சு வெளுத்திருந்தது. அந்த ஏழு வாரமும் கையில் கிதார் இல்லாமல் இருந்ததை இப்போது நினைத்தாலும் வலிக்கிறது.

புதியதில் கழுத்து போல்ட்டில் நிற்கிறது. டெய்லர் நிறுவனம் 1999-இல் கொண்டுவந்த முறை இதற்கு நல்ல உதாரணம்: கழுத்துக்கும் உடலுக்கும் இடையில், துல்லியமாக வெட்டிய மெல்லிய துண்டுகளான ஷிம்கள் உட்காரும். கோணம் மாற வேண்டுமென்றால் போல்ட்டைக் கழற்றி, வேறு கனத்தில் ஷிம் வைத்து, திரும்ப முறுக்கினால் போதும். பசையும் ஆவியும் உளியும் தேவையே இல்லை. என்னுடையதைச் சரிபார்க்கக் கொடுத்தபோது கண்முன்னாலேயே கழற்றி மாட்டினார்கள். பக்கத்து பெஞ்சில் காத்திருந்து கையோடு வாங்கி வந்துவிட்டேன். இப்படிச் செய்ய, கழுத்தும் அதன் குழியும் ஒவ்வொரு கிதாரிலும் மாறாமல் ஒரே அளவில் இருக்க வேண்டும். அப்போதுதான் புதுக் கழுத்தையோ புது ஷிம்மையோ தொலைவில் இருக்கும் யாரோ ஒருவர் எடுத்துப் பொருத்த முடியும். ஒரு கிதாரில் அந்தத் துல்லியத்தைக் கையால் கொண்டுவரலாம். ஆயிரமாவது கிதாரிலும் கொண்டுவருவது இயந்திரத்தால் ஆகிற காரியம்.

கைவேலைக்காரர்களிலும் பலர் இப்போது போல்ட் வைக்கிறார்கள். அப்படிப்பட்டது கிடைத்தால் என் வாதத்தில் பாதி விழுந்துவிடும். தொழிற்சாலைக் கிதார் எல்லாமே போல்ட் என்றும் இல்லை. மார்ட்டின் நிறுவனம் தன் பல மாடல்களில் இன்றும் டவ்டெயில்தான் வைக்கிறது. மலிவான சிலவற்றில் ஆவிக்கும் இளகாத பசையில் கழுத்தை இறுக்கிவிடுகிறார்கள். அதற்கு இந்த இரண்டுமே எவ்வளவோ மேல். போல்ட் போட்டால் ஒலி குறையும் என்ற பேச்சும் உண்டு. என் காதுக்கு அந்த வித்தியாசம் எட்டவில்லை.

இதெல்லாம் ஸ்டீல் தந்திக் கிதாருக்குச் சொன்னது. நைலான் தந்திக் கிதாரில் இழுப்பு ஏறக்குறைய பாதிதான். நான் அதை இரவல் வாங்கி வாசித்ததோடு சரி, வருடக்கணக்கில் வைத்துப் பராமரித்ததில்லை. அங்கே கைவேலைப் பக்கம் தராசு சாயலாம். புதியதும் என்னிடம் வந்து பதினான்கு மாதம்தான் ஆகிறது, அதன் மேற்பலகை இன்னும் உப்பவே தொடங்கவில்லை.

அமைதியான அறையில் தனியாக, விரலால் மட்டும் வாசிப்பவர் என்றால் கைவேலையையே வாங்கட்டும். வாங்கும்முன் மரத்தின் பெயரைக் கேட்பதற்கு முன்னால், கழுத்து எப்படி இணைந்திருக்கிறது, அதை யாரெல்லாம் கழற்றத் தெரிந்தவர்கள் என்று கேட்டுவிட வேண்டும். தம்பி பழையதை ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் இருக்கும் பெட்டியில், தந்திகளை அரை ஸ்வரம் இறக்கி வைத்திருக்கிறான். போன வாரம் அளந்தோம்: 12-ஆம் ஃப்ரெட்டில் 2.6.