காரைக்குடி கார்பன் வகுப்பு: நாலு ஞாயிற்றில் ஒன்று உருப்படி

நாலு ஞாயிறு, காலை பத்திலிருந்து ஒரு மணி வரை, கட்டணம் 3,500 ரூபாய். காரைக்குடியில் ஒரு தனியார் பயிற்சி நிலையம் நடத்திய கார்பன் வர்த்தகச் சட்ட வகுப்பு. நிலையத்தின் பெயரைப் போடவில்லை, குறைகளும் சொல்லப்போகிறேன் என்பதால். நான் கணக்குப் பார்க்கிறவன். ஐரோப்பாவுக்கு போல்ட் அனுப்பும் கிளையண்ட் ஒருவர், 2023 அக்டோபரிலிருந்து அங்கே கார்பன் கணக்குக் கேட்கிறார்கள் என்று என் தலையை உருட்டிக்கொண்டிருந்தார், அதனால்தான் சேர்ந்தேன்.

முதல் ஞாயிறு வீண். பனிப்பாறை, வெள்ளைக்கரடி, இரண்டு தடவை நின்றுபோன ப்ரொஜெக்டர். இடைவேளையில் கொடுத்த வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் அருமை, அதற்கு யார் பொறுப்போ அவருக்கு நன்றி.

இரண்டாம் ஞாயிறு பரவாயில்லை. ஐரோப்பாவில் ஆலைகள் உமிழ்வு அனுமதியை வாங்கி விற்கும் ஏற்பாட்டைச் சொன்னார்கள். ஒரு அனுமதி என்றால் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு, ஆலை எத்தனை டன் விடுகிறதோ அத்தனை அனுமதியை ஒப்படைக்க வேண்டும், குறைந்தால் அபராதம், மிஞ்சினால் விற்கலாம். ஆனால் கொடுத்த நோட்ஸில், இந்த ஏற்பாடு 2005-ல் தொடங்கிய நாளிலிருந்தே மொத்த உச்சவரம்பை ஐரோப்பிய ஆணையம்தான் (ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பு) போட்டது என்று அச்சடித்திருக்கிறார்கள். தப்பு. 2003-ல் வந்த சட்டப்படி ஒவ்வொரு நாடும் தன் ஒதுக்கீட்டுத் திட்டத்தைத் தானே எழுதும். ஆணையம் அதைப் பார்த்து மூன்று மாதத்துக்குள் வேண்டாம் என்று சொல்லலாம், அவ்வளவுதான். சார் வாயால் சரியாகத்தான் சொன்னார், காகிதத்தைத்தான் யாரும் திருத்தவில்லை.

மூன்றாம் ஞாயிற்றுக்காகவே மொத்தக் கட்டணமும் தகும். சார் பலகையில் எதுவும் எழுதாமல், பழைய நகரத்தார் வீட்டில் கல்யாணமான மகனை வேறு வைப்பார்களே, ஒரே முகப்பு, ஒரே வளவு, அடுப்பு மட்டும் தனி, வருஷத்துக்கு இத்தனை அரிசி, இத்தனை எண்ணெய் என்று அளந்து கொடுப்பார்களே, அதிலிருந்து ஆரம்பித்தார். அந்தப் பட்டியலை மகன்களே எழுதிக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? எல்லோரும் ரெண்டு மூட்டை கூடத்தான் எழுதுவார்கள். 2005 முதல் 2007 வரையான முதல் கட்டத்தில் ஐரோப்பாவிலும் அதுதான் நடந்தது. 2006 வசந்தத்தில் நிஜ உமிழ்வுக் கணக்கு வெளியே வந்ததும், அனுமதி தேவைக்கு மேல் கிடக்கிறது என்று தெரிந்து விலை சில நாளில் பாதிக்குக் கீழே போய், 2007 கடைசியில் சில காசுக்கு வந்து நின்றது.

அதனால் 2008 முதல் 2012 வரையான கட்டத்துக்கு ஆணையம் பேனாவைப் பிடுங்கியது. போலந்து கேட்டதில் 26.7 சதவீதத்தை வெட்டியது, எஸ்தோனியா கேட்டதில் 47.8 சதவீதம். இரண்டும் வழக்குப் போட்டன. இந்த இடத்தில் சார் நிறுத்தி, அப்பச்சி (வீட்டில் அப்பா, இங்கே ஆணையம்) அப்படி அளவைத் தானே போடலாமா என்று கேட்டார். முன் வரிசை ஆச்சி ஒருவர் சட்டென்று, "போடலைன்னா குதிரு காலிதான்" என்றார். வகுப்பே சிரித்தது. ஆனால் 2009 செப்டம்பரில் நீதிமன்றம் போடக்கூடாது என்றுதான் சொன்னது: சட்டத்தில் உள்ள அளவுகோலுக்குப் பொருந்தவில்லை என்று திட்டத்தைத் திருப்பி அனுப்பலாம், நாட்டின் கணக்கை ஒதுக்கிவிட்டுத் தன் முறையில் ஒரு எண்ணைத் திணிக்க அதிகாரம் இல்லை. 2012 மார்ச்சில் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு.

உவமை நன்றாக இருந்தாலும் ஒரு கால் நொண்டி என்று நான் எழுந்து சொன்னேன். இங்கே அரிசி அப்பச்சியுடையது. அங்கே அப்பச்சிக்கு அதிகாரம் கொடுத்ததே மகன்கள், உடன்படிக்கையில் எழுதிக் கொடுத்த அளவுக்குத்தான் அவர் பேசலாம். ஆணையத்தின் கணக்கு சரியாகவே இருக்கட்டும், எழுதிக் கொடுக்காத அதிகாரத்தை எடுத்துக்கொள்ள முடியாது. சார் ஒப்புக்கொண்டார். ஆனால் ஆணையம் தோற்றுவிட்டது என்று அவர் முடித்தது எனக்கு ஒப்பவில்லை. தீர்ப்புக்கு ஐந்து மாதம் முன்பே, 2009 ஏப்ரலில், சட்டத்தையே மாற்றிவிட்டார்கள்! 2013-லிருந்து நாட்டுப் பட்டியலே கிடையாது. ஐரோப்பா முழுவதற்கும் ஒரே குதிர், 2020 வரை அது வருஷத்துக்கு 1.74 சதவீதம் குறைந்தது, பெரும்பங்கு ஏலத்தில் போகும். வழக்கில் இழந்ததைச் சட்டமாக வாங்கிக்கொண்டார்கள், அதுவும் மகன்கள் கையெழுத்தோடு. என் கிளையண்டுக்கு இது எதற்கு என்றால், ஐரோப்பிய எல்லையில் இறக்குமதிக்கு வசூலிக்கும் கார்பன் கட்டணம் அந்த அனுமதி விலையை ஒட்டித்தான், அதனால் குதிரின் அளவு யார் கையில் என்பது காரைக்குடி வரைக்கும் வரும்.

நாலாம் ஞாயிறு ஏமாற்றம். 2023 ஜூனில் அறிவித்த நம் நாட்டுக் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்துக்கு இருபதே நிமிடம். இங்கே மொத்த டன்னுக்கு உச்சவரம்பு இல்லை, ஒரு டன் உற்பத்திக்கு எவ்வளவு உமிழ்வு என்பதுதான் இலக்கு. உற்பத்தி கூடினால் மொத்த உமிழ்வும் கூடலாமே என்று கேட்டதற்கு நேரமாகிவிட்டது என்றார்கள். மீதி நேரம் சான்றிதழ் கொடுத்துப் போட்டோ எடுப்பதில் போனது, என் சான்றிதழில் இனிஷியல் தப்பு.

மூன்றாம் ஞாயிறு மட்டும் உட்கார விடுவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். என் நண்பரை ஆயிரம் ரூபாய்க்கு விட்டார்கள். ஏசி இரண்டில் ஒன்றுதான் ஓடுகிறது, ஜன்னல் பக்கம் இடம் பிடியுங்கள்.