அப்பத்தாவின் மாத்திரைகள்: மதுரையா, காரைக்குடியா?

பிள்ளைகள் சிங்கப்பூரில், அப்பத்தா காரைக்குடியில். மதுரை ஸ்பெஷலிஸ்டுகளிடம் காட்டுவதா, உள்ளூர் டாக்டரிடமா?

செலவு: மதுரைக்குக் கார் வாடகையே பெரிது, உள்ளூருக்கு ஆட்டோ போதும்.

அலைச்சல்: சொல்லவே வேண்டாம்.

மாத்திரை: விஷயமே இங்கேதான். மதுரையில் இதயத்துக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர். ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரிவதில்லை. எங்கள் வீட்டு முறுக்கு டப்பாவில் 11 அட்டைகள். இரண்டு ஒரே மருந்து, பெயர்தான் வேறு. உள்ளூர் டாக்டர் எல்லாவற்றையும் மேசையில் கொட்டிப் பார்த்தார். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் அல்பிரசோலம் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்தார். அந்த மாத்திரை முதியவர்களைத் தள்ளாடி விழ வைக்கும். முதியவர்களுக்கு ஆகாத மருந்துகளைச் சொல்லும் அமெரிக்காவின் பீர்ஸ் பட்டியல், 2023 பதிப்பிலும், அதைத் தவிர்க்கச் சொல்கிறது. எங்கள் வளவு வாசல்படி வேறு உயரம்!

இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி மாதிரி பெரிய சிகிச்சை என்றால் மதுரைதான். சர்க்கரை, பிரஷர், தூக்கம், மூட்டுவலி எனப் பல மருந்து சாப்பிடுபவருக்கு உள்ளூர் டாக்டர் ஒருவரே சரி. மதுரைச் சீட்டையும் அப்புறம் அவரிடமே காட்டுங்கள், டப்பாவோடு.