“எல்லாத் தரைக்கும் ஏற்றது” என்று விற்ற குழந்தை வண்டி: சக்கரத்தை மாட்டும் முன் அளவு டேப்பைக் கையில் எடுங்கள்

ஆறே வாரம். மண்பாதையில் தினமும் ஒரு மணி நேரம் தள்ளிப் போவதற்காக வாங்கிய குழந்தை வண்டி அவ்வளவுதான் தாங்கியது. ஒரு மர வேரில் தட்டியதும் முன்பக்க இடது சக்கரம் கிளிப்போடு கழன்று தனியே உருண்டது. ஐந்து முனை பெல்ட் போட்டிருந்ததால் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. “எல்லாத் தரைக்கும் ஏற்றது” என்று பெரிய எழுத்தில் போட்டு, காட்டுப் பாதையில் ஓடுவது போல் படமும் காட்டி விற்ற வண்டி அது. புகார் சொன்னதும் விற்ற கடை கொடுத்த பதில்: “சக்கரம் தேய்மானப் பொருள், உத்தரவாதத்தில் வராது.”

அந்த வண்டியை ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்த்ததில், இது ஆறு வாரம் ஓடியதே அதிகம் என்று தோன்றுகிறது. இதே அச்சில் வார்த்த வண்டிகள் வேறு வேறு பெயர்களில் விற்கின்றன. அதனால் பெயரை விட்டுவிட்டு பாகங்களைப் பார்ப்போம்.

முதலில் அளவு. விளம்பரத்தில் முன்சக்கரம் 8 அங்குலம், பின்சக்கரம் 12 அங்குலம். டேப் வைத்து அளந்தால் முன்னது 15 செ.மீ., அதாவது 6 அங்குலம். பின்னது 25 செ.மீ., 10 அங்குலம். கேட்டால், மட்கார்டையும் சேர்த்து அளந்தார்களாம்! இது வெறும் அளவுச் சண்டை இல்லை. 4 செ.மீ. உயரமுள்ள ஒரு கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 15 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் அதில் ஏற, அந்தச் சக்கரம் சுமக்கும் எடையைப் போல் சுமார் 1.9 மடங்கு விசையோடு தள்ள வேண்டும். 30 செ.மீ. சக்கரத்துக்கு 0.9 மடங்கு போதும். சக்கரத்தின் ஆரத்துக்கு அருகில் கல்லின் உயரம் வந்துவிட்டால் எவ்வளவு தள்ளினாலும் ஏறாது, வண்டி முட்டி நிற்கும். கைப்பிடியை அழுத்தி முன்பக்கத்தைத் தூக்கித்தான் தாண்ட வேண்டும். ஒவ்வொரு முட்டலும் சக்கரத்தைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கவையில்தான் இறங்குகிறது.

அடுத்தது டயர். ஆழமான பூப்போட்ட கறுப்பு டயர், பக்கவாட்டில் வால்வு மூடி போல ஒரு குமிழ். திருகினால் திரும்பவில்லை, ஏனென்றால் அது டயரோடு சேர்த்து வார்த்த அலங்காரம். உள்ளே காற்றும் இல்லை, ட்யூபும் இல்லை, கெட்டி ஈவா நுரை (செருப்பு அடிப்பாகத்தில் வருவது போன்ற பிளாஸ்டிக் நுரை). நுரை டயரைக் குறை சொல்லவில்லை. பஞ்சர் ஆகாது, தளம் போட்ட பாதைக்கு நன்றாகவே போதும். ஆனால் கூர்மையான ஜல்லி அதைக் கடித்துக் கடித்துத் துணுக்காக எடுக்கும். அதிர்ச்சியையும் காற்று டயர் அளவுக்கு வாங்காது. ரிம்மோடு ஒட்டிய பசை விட்டுப்போனால் டயர் நிற்க, ரிம் மட்டும் சுற்றும். காற்று டயர் என்று சொன்னால் மூடியைத் திருகி எடுங்கள். உள்ளே கார் டயரில் இருப்பது போன்ற வால்வு ஊசி தெரிய வேண்டும். டயரின் ஓரத்தில் 12½ x 2¼ என்பது போல் அளவும், அதிகபட்சக் காற்றழுத்தமும் பொறித்திருக்க வேண்டும். அளவு பொறித்திருந்தால் மாற்று ட்யூப் சைக்கிள் கடையிலேயே கிடைக்க வாய்ப்பு உண்டு. (காற்றை சைக்கிள் கைப்பம்பில் அடியுங்கள். கார்களுக்கான கம்ப்ரசரில் வைத்தால் இவ்வளவு சிறிய ட்யூப் கண்மூடித் திறப்பதற்குள் வெடித்துவிடும்.)

உண்மையில் வண்டியைக் கொன்றது இவை இரண்டும் அல்ல, அச்சு நுழையும் துளை. முன்சக்கரத்தின் நடுவில் பேரிங் கிடையாது. எஃகு அச்சு நேராகப் பிளாஸ்டிக் துளைக்குள் சுற்றுகிறது. புதிதாக இருக்கும்போது இது தெரியவே தெரியாது, கடைத் தரையில் வெண்ணெய் மாதிரி போகும். மண்ணில் இறங்கிய பிறகு, நுண்மணல் துளைக்குள் புகுந்து உப்புத்தாள் போல அரைக்கும். வட்டமான துளை மெதுவாக முட்டை வடிவமாகும். சக்கரம் சாய்ந்து ஓடும், கைப்பிடியில் ஒரு நடுக்கம் தெரியும். பலரும் அதைத் தரையின் குற்றம் என்று நினைத்துவிடுகிறார்கள். சாய்ந்த சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் பிடிப்புக் கிளிப்பை நெம்புகிறது. கிளிப் தளர்ந்தபின் ஒரு வேர் போதும். கழன்ற சக்கரத்தின் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் 2 மி.மீ. தேய்ந்து பளபளப்பாக இருந்தது. மறுபக்கத்தில் பிளாஸ்டிக்கை வார்த்தபோது விழுந்த கோடுகள் அப்படியே இருந்தன.

கடையிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். சக்கரத்தைக் கழற்றி நடுவில் பாருங்கள்: மூடிய பேரிங் என்றால் வெளியே ஒரு உலோக வளையமும் அதற்குள் ரப்பர் அல்லது தகடு மூடியும் தெரியும். வெறும் பிளாஸ்டிக் துளை என்றால் கரடுமுரடான தரைக்கு வேண்டாம். பிறகு சக்கரத்தை மாட்டி, மேல்விளிம்பைப் பிடித்து உள்ளும் வெளியுமாக அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் புதிதிலேயே இந்தக் கதி. கிளிப் மாட்டும்போது ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும், அதன்பின் பட்டனைத் தொடாமல் பலமாக இழுத்தாலும் வரக்கூடாது.

சஸ்பென்ஷன் என்ற பெயரில் பின்பக்கம் இரண்டு ஸ்பிரிங் கண்ணில் படும்படி வைத்திருந்தார்கள். அவற்றின் மேல்முனையும் கீழ்முனையும் ஒரே பிளாஸ்டிக் துண்டில் உட்கார்ந்திருந்தன. அமுங்க இடமே இல்லை. வண்டியில் 10 லிட்டர் தண்ணீர் கேனை வைத்து, பின் அச்சுக்கு நேர் மேலே சட்டத்தைக் கையால் அழுத்திப் பார்த்தால் போதும். சட்டம் ஓரிரு செ.மீ. இறங்கித் திரும்பி எழ வேண்டும். இறங்காவிட்டால் அது பொம்மை ஸ்பிரிங்.

அதே தண்ணீர் கேனோடு பிரேக்கையும் பாருங்கள். குழந்தையை உட்கார வைத்து எந்தச் சோதனையும் வேண்டாம். சரிவில் நிறுத்தி, ஒரே மிதியில் இரண்டு பின்சக்கரமும் பூட்டுகிறதா, வண்டியின் முன்பக்கம் சரிவின் கீழ்நோக்கி இருந்தாலும் மேல்நோக்கி இருந்தாலும் நிற்கிறதா என்று கவனியுங்கள். இந்த வண்டியில் ஒரு பக்கத்து பிரேக் ஊசி சக்கரத்தின் பல்லில் சரியாக விழவில்லை; ஒற்றைச் சக்கரத்தில் பூட்டி வண்டி மெல்லத் திரும்பிக்கொண்டே இறங்கியது.

வண்டி மடியும் மூட்டு பற்றி ஒரு வார்த்தை. நான்கு சக்கர வண்டி குழியில் இறங்கும்போது ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கி, சட்டமே முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கல் எல்லாம் ரிவெட் அடித்த மூட்டில்தான் போய்ச் சேரும். கைப்பிடியின் இரு முனையையும் பிடித்து எதிரெதிராக முறுக்கினால் மூட்டில் விரிசல் சத்தம் வரக்கூடாது. மூன்று சக்கர வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு, மூன்றும் எப்போதும் தரையைத் தொடும். ஆனால் பக்கச் சரிவில் அது சீக்கிரம் சாயும். ஆகவே பின் அச்சு அகலமாக இருக்க வேண்டும், கைப்பிடியில் பை தொங்கவிடக் கூடாது. முன்சக்கரத்தை நேராகப் பூட்டும் வசதி இரண்டு வகைக்கும் கட்டாயம். பூட்டாமல் ஜல்லியில் தள்ளினால் சக்கரம் பக்கவாட்டில் திரும்பி மாட்டிக்கொள்ளும்.

பெட்டியில் “ஐரோப்பியத் தரம்” என்று ஒரு வாசகமும் சிஇ (CE) என்ற ஐரோப்பிய முத்திரையும் இருந்தன. இங்கேதான் சிரிப்பு வருகிறது. குழந்தை வண்டிக்கு சிஇ முத்திரை பொருந்தவே பொருந்தாது. அது பொம்மை, மின்சாதனம் போன்ற சில வகைப் பொருள்களுக்கானது. வண்டிக்குரிய ஐரோப்பியத் தரம் இஎன் (EN) 1888. அதன் முதல் பகுதி 15 கிலோ வரையிலான குழந்தைகளுக்கு, இரண்டாம் பகுதி 22 கிலோ வரைக்கும். தரத்தின் எண், பகுதி, ஆண்டு, தயாரிப்பாளர் பெயர், மாடல் எண் எல்லாம் வண்டியின் சட்டத்திலேயே ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அட்டைப் பெட்டியில் அச்சடித்ததை நம்ப வேண்டாம்.

இனி ஏமாற்றத்தின் அடுத்த கட்டம். வாங்கியவர்கள் “உடைந்துவிட்டது” என்று புகார் எழுதினார்கள். கடைக்காரருக்கு அதுவே வசதியாகப் போயிற்று: உடைந்தது என்றால் உபயோகத் தவறு, தேய்மானம், ‘சக்கரம் மாட்டிய வண்டி திரும்ப எடுக்கப்படாது’. எழுதியிருக்க வேண்டியது “விளம்பரத்தில் சொன்னபடி இல்லை” என்று. 12 அங்குலம் என்று விற்றது 10 அங்குலம், காற்று டயர் போல் காட்டியது நுரை. இவற்றைத் தேய்மானம் என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கு ஆதாரம் வேண்டும். ஆகவே பணம் கட்டும் முன்பே விளம்பரப் பக்கம் முழுவதையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். பெட்டி வந்ததும் எதையும் மாட்டாமல் சக்கரங்களின் மேல் டேப்பை வைத்துப் படமெடுங்கள். புகாரை எழுத்தில் மட்டும் கொடுங்கள், போனில் பேசியது காற்றோடு போகும். கழன்ற சக்கரத்தை மட்டும் “ஆய்வுக்கு” அனுப்பச் சொன்னால் அனுப்பிவிடாதீர்கள், கையிலிருக்கும் ஒரே சாட்சி அதுதான். வாங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு: முன்சக்கரம் தனியாகக் கிடைக்குமா? இந்த வண்டிக்குக் கிடைக்கவில்லை. ஒரு சக்கரத்துக்காக முழு வண்டியும் மூலையில் கிடக்கிறது.

நல்ல வண்டியிலும் சில வரம்புகள் உண்டு. பெரிய காற்றுச் சக்கர வண்டி கனமாக இருக்கும், காரின் பின்பெட்டியில் அடங்காமலும் போகலாம். மடித்து அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். தலை நிற்காத குழந்தையை மட்டமாகப் படுக்கவைக்கும் இருக்கை வேண்டும். வண்டியோடு ஓடுவதாக இருந்தால் குழந்தைக்கு 6 மாதமாவது ஆகட்டும், 8 மாதம் என்று சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு.

அந்த விளம்பரம் இன்னும் இருக்கிறது. காட்டுப் பாதைப் படம் அப்படியே. “12 அங்குலம்” என்ற இடத்தில் மட்டும் இப்போது “பெரிய சக்கரம்” என்று போட்டிருக்கிறார்கள்.